ரெண்டாவது கியர்

கம்பத்திலிருந்து மலைமேல் இருக்கிற மெட்டுக்கு ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகளில் முன்சீட்டுக்கு எப்போதும் அடிதடிதான். பின்னால் ஏறினால் ஆளோடு ஆள் நெருக்கி, யார் தூக்குச்சட்டி யார் மடியில் இருக்கிறது என்று தெரியாமல் போக வேண்டும். முன்னால் காற்று வரும், காலை நீட்டலாம். அந்த அடிதடியில் ஒரே ஒருவர் மட்டும் கலந்துகொள்ளவே மாட்டார். டிரைவரை ஒட்டி இடப்பக்கம் அவருக்கு இடம் போட்டே வைத்திருப்பார்கள். எந்த ஜீப், எந்த டிரைவர் என்கிற பேச்செல்லாம் கிடையாது. காலையில் மலை ஏறும்போது மற்றவர்களைப் போலத் தூங்கி வழிவார். சாயங்காலம் இறங்கும்போது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, வலது கையைக் கியர் ராடின் உருண்டை மேல் வைத்துக்கொள்வார். டிரைவர் கிளட்ச்சை மிதித்தால் கையை எடுப்பார். கியர் விழுந்ததும் மறுபடி வைப்பார். மலை முடிந்து ரோடு சமமாகிற வரைக்கும் அந்தக் கை அங்கேதான் இருக்கும்.

ஊரில் அவருக்குக் கியரக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் கம்பத்தில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. அவர் ஊரை விட்டுப் போயும் சில வருஷம் ஆகிவிட்டது.

நான் மெயின் ரோட்டில் ஜீப் சாமான் கடை வைத்திருப்பவன். பொறுமை எனக்குக் கொஞ்சம் கம்மி. என் மனைவியைக் கேட்டால் கொஞ்சமும் இல்லை என்பாள். கவுண்டரில் நின்று மாடல் என்ன, வருஷம் என்ன என்று கேட்டுக் கேட்டு வந்த குணம் அது. அவர் முதல் தடவை கடைக்கு வந்த அன்று நல்ல கூட்டம். எல்லாரும் வாங்கிக்கொண்டு போகிற வரைக்கும் ஓரமாக நின்றிருந்தார். அப்புறம் கிட்டே வந்து, கியர் பாக்ஸுக்குள் விழுந்த கியர் நழுவாமல் பிடித்துக்கொள்கிற சாமான் ஒன்று இருக்கிறதாமே, அதைக் காட்ட முடியுமா என்று கேட்டார். எந்த மாடலுக்கு என்றேன். வாங்க வரவில்லை, பார்க்கத்தான் வந்தேன் என்றார்.

வேறொரு நாள் என்றால் இது காட்சிக்கூடம் இல்லை என்று சொல்லியிருப்பேன். அன்று ஏனோ வாய் வரவில்லை. உள்ளே போய் ஒரு குண்டும் ஒரு ஸ்பிரிங்கும் எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். குண்டு கொண்டைக்கடலை அளவு இருக்கும். ஸ்பிரிங் சுண்டுவிரலில் ஒரு கணு அளவு. அவர் கையை மூடினார், திறந்தார், திரும்ப மூடினார்.

"இம்புட்டுத்தானா தம்பி?"

ஆமாம் என்றேன். இவ்வளவு பெரிய வண்டிக்கு, இவ்வளவு ஆளுக்கு, இம்புட்டுத்தானா என்று இன்னொரு தரம் கேட்டார். அதைக் கவுண்டரில் மெதுவாக வைத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு கடையில் நின்றிருந்த ஒரு டிரைவர்தான் அது யார் என்று சொன்னார்.

மெட்டு ரோட்டில் ஜீப் கவிழ்ந்த சேதி எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்த ஜீப்பை ஓட்டியவர் இவருடைய புருஷன். சாயங்காலம் தோட்டத்திலிருந்து இறங்கி வரும்போது ஒரு வளைவில் வண்டி நிற்காமல் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. அவரும் போனார், அவரோடு வேலைக்குப் போன மூன்று பெண்களும் போனார்கள். எல்லாரும் ஒரே தெரு. பின்னால் உட்கார்ந்து வந்து பிழைத்த பெண்கள் சொன்னது ஒன்றே ஒன்று. திடீரென்று இஞ்சின் சத்தம் அடங்கிவிட்டது, வண்டி சத்தமே இல்லாமல் வேகமாக இறங்கியது. தூக்கி எடுத்த வண்டியில் கியர் நியூட்ரலில் இருந்தது.

மலைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக் இல்லை, கியர்தான். ரெண்டாவது கியரில் போட்டுவிட்டால் இஞ்சினே வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டால் போதும். கியரை எடுத்துவிட்டு நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம். அப்படி இறங்குகிற ஆசாமிகள் உண்டு. ஆனால் அத்தனை பாரத்தையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும், அது சூடேறிக் கைவிட்டுவிடும். ஆக, டீசலுக்கு ஆசைப்பட்டு நியூட்ரலில் விட்டான், கொன்றான். தெருவில் தீர்ப்பு அன்றைக்கே எழுதியாகிவிட்டது.

ஆனால் அந்த ஜீப்பில் ரெண்டாவது கியர் நழுவும் என்பதும் தெருவுக்குத் தெரியும். பழைய வண்டிகளில் அது சகஜம். எங்கள் ஊரில் அதை ரிப்பேர் என்றே யாரும் சேர்ப்பதில்லை. சிலர் சைக்கிள் ட்யூபை அறுத்து ராடைச் சீட்டோடு இழுத்துக் கட்டியிருப்பார்கள். சிலர் பக்கத்தில் உட்காருகிறவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்தால் வண்டி பல நாள் நின்றுவிடும், சீசன் முடியட்டும் என்பார்கள். ஒரு சீசன் முடிந்தால் இன்னொரு சீசன் வரும். இவர் புருஷனும் அப்படித்தான் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். அந்த ஜீப்பில் ராடைப் பிடித்துக்கொண்டு வந்தது இவர்தான். புருஷன் ஓட்டுகிற வண்டியில் அவரும் காய் எடுக்கப் போகிறவர், பக்கத்தில் உட்காருகிறவர், பிடித்துக்கொண்டார். காய்ச்சலோடும் வேலைக்குப் போகிற ஆள்.

அன்றைக்கு மட்டும் அவர் போகவில்லை. ரேஷன் கடையில் கைரேகை வைக்க வரச்சொல்லியிருந்தார்கள். ஏலக்காய் எடுக்கிற கையில் ரேகை எங்கே இருக்கிறது? மிஷின் எடுக்கவே இல்லை. ஈரத்துணியால் துடைத்து, முந்தானையில் துடைத்து, விரல் மாற்றி விரல் வைத்து, மத்தியானம் வரைக்கும் வரிசையில் நின்றிருக்கிறார். காலையில் புருஷனிடம், யாராவது பிடிக்கிற ஆளாகப் பார்த்து முன்னால் உட்கார வை என்று சொல்லித்தான் விட்டிருக்கிறார். ஒரு நாள்தானே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார் அவர். சாயங்காலம் ஜீப் இறங்கி வரும்போது எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டு, அந்த முன்சீட்டில் அவளைச் சாய்ந்து படுக்க வைத்திருந்தார்கள். போன மூவரில் அவளும் ஒருத்தி. டிரைவரே ஒரு கையால் ராடைப் பிடித்துக்கொள்ளலாம்தான், ஆனால் வளைவில் ஸ்டீரிங்குக்கு ரெண்டு கையும் வேண்டும்.

கியர் தானாக நழுவியதா, அவர் எடுத்துவிட்டாரா? இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் அந்த அக்கா என் கடைக்கு வந்துகொண்டிருந்தார். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். ஸ்டூலைக் காட்டினால் உட்கார மாட்டார். அடுத்து என்ன சாமான் என்று கேட்பார். நானும் எடுத்துக் காட்டுவேன். கியர் சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடு ஒன்று பல் கடித்துச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், நாம் ராடைத் தள்ளும்போது நகர்வது சக்கரம் இல்லை, நடுவில் இருக்கிற பல் வைத்த வளையம் என்று சொன்னேன். அந்த வளையத்தைத் தள்ளுவது ரெண்டு விரல் மாதிரி இருக்கிற ஃபோர்க். ஃபோர்க்கைத் தாங்குவது ஒரு கம்பி. அந்தக் கம்பியில் குழி வெட்டியிருக்கும், குழியில் குண்டு போய் விழும், குண்டை ஸ்பிரிங் அமுக்கிக்கொண்டிருக்கும். சில மர அலமாரிகளில் கதவைச் சாத்தினால் டக்கென்று ஒரு குண்டு விழுந்து பிடித்துக்கொள்ளுமே, அதே வேலைதான். அலமாரி என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஸ்பிரிங் தளர்ந்தால் கதவு தானாகத் திறக்கும், அப்படித்தானே என்றார். அப்படித்தான் என்றேன்.

கொஞ்ச நாளில் டிரைவர்கள் வந்து சாமான் பெயர் தெரியாமல் கையால் காற்றில் வரைந்து காட்டினால், அவர் ஓரமாக நின்றபடி இன்னதென்று சொல்லிவிடுவார். எனக்குச் சம்பளமில்லாத ஆள் கிடைத்துவிட்டார் என்று கிண்டல் செய்வேன். சிரிப்பார். சிரித்தால் முகம் நன்றாக இருக்கும். அதிகம் பார்க்கக் கிடைத்ததில்லை.

அவருக்கு ஒரு சொல் இருந்தது. "கழட்டிப் பாத்தியா?" கியர் பாக்ஸுக்கு மட்டுமில்லை, எல்லாவற்றுக்கும். இன்னார் மகள் இன்னாரோடு ஓடிவிட்டாளாம் என்று யாராவது வாயைத் திறந்தால், கழட்டிப் பாத்தியா என்பார். எங்கள் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் மஞ்சள் காமாலையில் படுத்தபோது, அது குடியால் வந்தது என்று நான் சொல்லப்போக, எனக்கும் அதே கேள்வி விழுந்தது. உள்ளே பார்க்காமல் வெளியே தீர்ப்புச் சொல்வது அவருக்குப் பிடிக்காது. தெருவில் அவர் படுகிற பாடு அப்படி.

எதிர்வீட்டு அம்மா, காய்ச்சலோடு போன அந்தப் பெண்ணின் தாய், தண்ணீர்க் குழாயடியில் வாய்விட்டு வைவார். டீசலுக்காக என் பிள்ளையைக் கொன்றுவிட்டான் என்பார். இவர் குடத்தை ஓரமாக வைத்துவிட்டு நிற்பார். பதில் பேச மாட்டார். ஒரே ஒரு தரம் பேசினாராம். அதுவும் என் புருஷன் அப்படிச் செய்யக்கூடியவர் இல்லை என்று சொல்லவில்லை. "அது இன்னும் தெரியலக்கா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். புருஷன் பேரைக் காப்பாற்ற ஒரு பொம்பளை இப்படி அலைகிறாளே என்று நான் வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவேன். ஊரிலும் எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம்.

ராடு பிடிக்கிற பழக்கத்தை அவர் விடவில்லை. ஜீப் மாறினாலும் கை மாறவில்லை. அதில் வேடிக்கையும் உண்டு. ஒரு டிரைவர் புது ஜீப் எடுத்தான். அஞ்சு கியர், வெண்ணெய் மாதிரி விழும். அக்கா, இது புதுசு, நழுவவே நழுவாது, கையை எடுங்க என்றிருக்கிறான். நழுவாவிட்டால் நல்லது, நான் சும்மா வைத்திருக்கிறேன், உனக்கென்ன என்றிருக்கிறார். இன்னொருத்தன் கடைசி இறக்கத்தில் மெதுவாக நியூட்ரலில் தள்ளப் பார்த்திருக்கிறான். இவர் கை அசையவில்லை. அவன் தள்ள, இவர் பிடிக்க, பின்னால் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். கடைசியில் அவன்தான் விட்டுக்கொடுத்தான். கியரக்கா ஏறின வண்டியில் டீசல் மிச்சம் பிடிக்க முடியாது என்று டிரைவர்கள் என் கடையில் வந்து புலம்புவார்கள். ஆனால் அவர் ஏறாத வண்டியில் ஏறப் பெண்கள் யோசித்தார்கள்.

ஒரு சித்திரையில் என் மச்சினர் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினார். வீரபாண்டித் திருவிழாவுக்கு அதில் குடும்பத்தோடு போனோம். என் மனைவி அந்த அக்காவையும் கூப்பிட்டாள். முன்சீட்டில்தான் உட்காருவார் என்று எங்களுக்குத் தெரியும், பின்னால் நெருக்கி உட்கார்ந்துகொண்டோம். வண்டி கிளம்பியதும் கை வழக்கம்போல ராடைத் தேடிப் போனது. அங்கே குட்டையாக ஒன்று இருந்தது. மச்சினர் அதை ஒரு இழுப்பு இழுத்து வைத்ததோடு சரி, அப்புறம் தொடவே இல்லை. உத்தமபாளையம் தாண்டியும் தொடவில்லை. சின்னமனூர் தாண்டியும் தொடவில்லை. இதில் கியர் எப்படி மாறும் என்று கேட்டார். மச்சினருக்குப் புது வண்டிப் பெருமை, விளக்கிக்கொண்டே வந்தார். கிளட்ச் மிதி கிடையாது, எண்ணெயை இஞ்சின் சுழற்றும், அந்த எண்ணெய் வேகத்தில்தான் கியர் பாக்ஸ் சுற்றும், எந்த வேகத்துக்கு எந்தக் கியர் என்று அதுவே பார்த்துப் போட்டுக்கொள்ளும் என்றார். மலையில் இறங்கினால் என்று கேட்டார் அக்கா. குறைந்த கியரில் வைத்துவிட்டால் அதுவே பிடித்துக்கொள்ளும் என்றார்.

"ஆரும் பிடிக்க வேண்டியதில்லையா?"

வேண்டியதில்லை என்றார் மச்சினர். அக்கா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதை என்ன செய்வது என்று தெரியாதவர் மாதிரி வீரபாண்டி வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். கோயிலில் கூட்டம் நெரித்தது. அம்மன் முன்னால் நின்று அழுதார். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று என் மனைவி பிறகு கேட்டாளாம். கேட்க ஒன்றும் வாயில் வரவில்லை என்றாராம்.

அதற்கு அடுத்த வருஷம்தான் உத்தமபாளையத்துப் பாய் என் கடைக்கு வந்தார். கியர் பாக்ஸ் வேலையில் கை தேர்ந்தவர், நல்ல மனுஷர். ஒரு பழைய பாக்ஸுக்குக் குண்டும் ஸ்பிரிங்கும் கேட்டார். காயலாங்கடையிலிருந்து எடுத்த பாக்ஸாம். பேச்சுவாக்கில், அது மெட்டு ரோட்டில் கவிழ்ந்த அந்த ஜீப்பின் பாக்ஸ்தான் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரித்துவிட்டீர்களா என்று கேட்டேன். பிரித்துவிட்டேன், கியர் தானாகத்தான் நழுவி உருவியிருக்கிறது, பாவம் அந்த டிரைவரை அநியாயமாகப் பேசினார்கள் என்றார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அக்கா வேலை முடிந்து இறங்கி வருகிற நேரத்துக்கு ஜீப் நிற்கிற இடத்துக்கே போய்ச் சொன்னேன். என் வாழ்நாளில் ஒருவருக்கு நல்ல சேதி சொல்ல அப்படி ஓடியது கிடையாது. அவர் முகத்தில் சந்தோஷம் தெரியும் என்று பார்த்தேன். அவர், ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போவீகளா தம்பி என்று மட்டும் கேட்டார்.

போனோம். பாய் பட்டறையில் ஒரு சாக்கை விரித்து, பிரித்த சாமான்களை அதன்மேல் வரிசையாக வைத்திருந்தார். யாரோ பெரிய மனுஷி வருவதுபோல எல்லாவற்றையும் டீசலில் கழுவித் துடைத்திருந்தார். அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பாய் ரெண்டாவது கியரை எடுத்து அவர் கையில் கொடுத்து, பல் ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் சில்லுத் தெறித்திருப்பதைக் காட்டினார். கையால் எடுத்திருந்தால் கிளட்ச்சை மிதித்து எடுத்திருப்பார், பல் சிதறாது, பாரம் தள்ளும்போது அதுவாக உருவிக்கொண்டால்தான் இப்படித் தெறிக்கும் என்றார். அந்தச் சில்லுகள்கூட அடி எண்ணெயில் கிடந்தனவாம்.

"இப்பிடி முழுப் பாரத்தோட ஒரே ஒரு தடவதான் உருவியிருக்கு தாயி. பலதடவ உருவியிருந்தா பல்லு பூராம் மழுங்கியிருக்கும். உங்க வீட்டுக்காரர் மேல ஒரு தப்பும் இல்ல."

பாய்க்கு வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. உடைந்த ஸ்பிரிங்கை எடுத்துக் காட்டினார். ரெண்டு துண்டு. உடைந்த முனை தேய்ந்து பளபளவென்று இருந்தது. இது அன்றைக்கு உடைந்தது இல்லை, உடைந்து ரொம்ப காலம் ஓடியிருக்கிறது என்றார். இத்தனை காலமும் இந்தக் கியரை எது பிடித்துக்கொண்டிருந்தது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை என்று சொல்லிச் சிரித்தார். அக்கா ராடு பிடிக்கிறவர் என்பது உத்தமபாளையத்துக்காரருக்குத் தெரிய நியாயமில்லை.

"நான்தான் பாய் பிடிச்சிருந்தேன்" என்றார் அக்கா.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அவர் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அந்த நிமிஷம்தான் தெரிந்தது. புருஷன் நியூட்ரலில் விட்டிருந்தால் அது அவர் செய்த பாவம். கியர் நழுவியிருந்தால், அதைப் பிடிக்க வேண்டிய கை இது. எல்லாரும் எந்தப் பதிலை அவருக்கு நல்ல பதில் என்று நினைத்தோமோ, அதைத்தான் அவர் இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

அவர் நிதானமாகக் கேட்டார். அன்னைக்கும் ஒரு ஆள் ராடைப் பிடிச்சிருந்தா கியர் நின்னிருக்கும், இல்லையா பாய் என்று. பாய் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாய் கொஞ்ச நேரம் துணியால் கையைத் துடைத்தார். துடைக்க ஒன்றும் இல்லாத கை அது.

"இல்ல தாயி. ஃபோர்க்கும் உடைஞ்சிருந்துச்சு. ஆரு பிடிச்சிருந்தாலும் நின்னிருக்காது."

சாக்கில் ஃபோர்க் இல்லை. அதை வேறு வண்டிக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் பாய். உடைந்த ஃபோர்க்கை யாருக்கு, எதற்குக் கொடுப்பார்? ஆனால் சொன்ன விதத்தில் வேறு யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். நம்பியிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. அவருக்கு ஒவ்வொரு சாமானாக எடுத்துக் காட்டியது நான்தான், அதில் தப்பில்லை, கேட்டார், காட்டினேன். இருந்தாலும் கியர் பாக்ஸ் என்றால் ஒரு இரும்புப் பெட்டி என்பதற்குமேல் தெரியாத பொம்பளையாக அவர் இருந்திருந்தால், பாய் கொடுத்த அந்தப் பொய்யை வாங்கிக்கொண்டு பிழைத்திருப்பார்.

"போலீஸ் ஸ்டேசன் வாசல்ல வண்டியக் கொண்டாந்து போட்டிருந்தாகல்ல பாய், அப்ப நான் உள்ள கைய விட்டு ராடத் தள்ளிப் பாத்தேன். ரெண்டாவது கியர் நல்லா விழுந்துச்சு. ஃபோர்க் உடைஞ்சிருந்தா எப்பிடி விழும்?"

அக்கா எழுந்து, அந்தக் கியரைச் சாக்கின்மேல் இருந்த இடத்திலேயே வைத்தார். எனக்காகப் பொய் சொன்னீக, நல்லா இருங்க பாய் என்று கும்பிட்டார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தேன். அந்தப் பெண் காய்ச்சலாக இருந்தாள், ரேஷன் கடைக்காரன் வரச்சொன்னான், ஒரு நாள்தானே என்றது அவர் புருஷன், பாக்ஸை இறக்காமல் சீசன் சீசன் என்று தள்ளியதும் அவர் புருஷன். இதையெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஆமா தம்பி, ஆமா தம்பி என்றார். எனக்குத்தான் அழுகை வந்தது.

கம்பம் திரும்பியதும் அவர் செய்த முதல் காரியம், தெருவில் எல்லாரிடமும் அதைச் சொன்னது. மறைக்கவே இல்லை. கியர் தானாக உருவியிருக்கிறது, பாய் கழட்டிப் பார்த்துச் சொன்னார் என்றார். நானும் கூட நின்று ஆமாம் என்றேன். தெரு அன்றைக்கே மாறிப்போனது. எங்கள் ஜனம் கோபத்தைப் போலவே இரக்கத்தையும் மொத்தமாகக் கொட்டுகிற ஜனம். ஐயோ, அந்த மனுஷனை என்னென்ன பேசிவிட்டோம் என்று வீட்டுக்கு வீடு மாய்ந்துபோனார்கள். எதிர்வீட்டு அம்மா அத்தனை வருஷத்துக்கப்புறம் படியேறி வந்தார், கையில் குழம்புச் சட்டியோடு. புருஷன் படத்துக்குப் பூப் போட்டார். என் வாய் அழுகிப்போக என்று தன்னைத்தானே அடித்துக்கொண்டார். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று என் மனைவி சொன்னாள். எனக்கு அப்படி நினைக்க முடியவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு பையோடு கடைக்கு வந்தார். வடுகபட்டியில் தங்கச்சி இருக்கிறாள், பூண்டு மண்டியில் ஆய்கிற வேலை கிடைக்குமாம், போகிறேன் என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. இனி எதற்கு ஊரை விட்டுப் போக வேண்டும், உங்கள் வீட்டுக்காரர் பேர்தான் சுத்தமாகிவிட்டதே, தெருவே உங்களைத் தாங்குகிறதே என்றேன். கவுண்டரின்மேல் பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அன்றைக்குத்தான் ஸ்டூலில் உட்கார்ந்தார் என்று நினைக்கிறேன்.

"எதிர்வீட்டுக்காரககிட்டச் சொல்லிட்டேன் தம்பி. நான் வந்து பிடிச்சிருந்தா உங்க பிள்ள இன்னைக்கி இருக்கும்னு, அவுக மொகத்துக்கு நேரச் சொன்னேன். வைவாகன்னு நின்னேன். கட்டிப்பிடிச்சு அழுகுறாக. நீ என்ன செய்வ ஆத்தா, எல்லாம் விதின்னு சொல்றாக."

நானும் அதையேதான் சொல்ல இருந்தேன்.

"எம் புருசன வஞ்சுக்கிட்டிருந்த வரைக்கும் அந்தத் தெருவுல நான் குடியிருந்துட்டேன். இப்ப எல்லாரும் எங்கிட்ட நல்லாப் பேசுறாக, தம்பி. என்னைய வைய ஒரு ஆளில்ல. எப்பிடி இருக்கச் சொல்றீக?"